சிங்கப்பூரில் கோழிக்குஞ்சு வளர்ப்பு: முதல் ஆறு வாரமும் அதற்குப் பிறகும்

கோழிக்குஞ்சு வளர்ப்பதைப் பற்றி நான் படித்த முதல் வழிகாட்டி, பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில் உட்கார்ந்து எழுதியது. 250 வாட் பல்பைப் பெட்டிக்கு மேல் தொங்கவிடுங்கள் என்றது. அந்த அளவில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அண்ணன் வீட்டு ஸ்டோர் ரூமில் பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று கிடந்தது, அதை மாட்டினேன். குஞ்சுகள் வந்த மறுநாள், ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் மூன்று மணி. போய்ப் பார்த்தால் ஆறும் பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, இறக்கையைத் தளரவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஒன்று தலையைத் தூக்கவே இல்லை. வெளியே 33 டிகிரி. ஜன்னல் சாத்திய அறைக்குள் நான் வேறு அடுப்பு மூட்டி வைத்திருந்தேன்.

ஆறு ஐந்தானது அப்படித்தான். அதற்குப் பிறகு நான்கு தடவை குஞ்சு வளர்த்துவிட்டேன். இந்த ஊரில் குஞ்சைக் கொல்வது பெரும்பாலும் குளிர் இல்லை. நாம் வைக்கிற கூடுதல் சூடும் மழை நாளின் ஈரமும்தான். இனி எழுதுவதில் பாதி அந்த இரண்டைப் பற்றித்தான் இருக்கும்.

வாங்குவதற்கு முன்

நான் இருப்பது ஈசூனில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில். வீவக வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. ஒன்றே ஒன்றுதான், சின்னக் குஞ்சுதான் என்றாலும் இல்லை. தரைவீட்டில் இருப்பவர்கள் விற்பனை நோக்கம் இல்லாமல் 10 கோழி வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கும் காக்கை, மைனா, புறா போன்ற வெளிப்பறவைகள் உள்ளே புக முடியாத கூண்டு வேண்டும். பறவைக் காய்ச்சலை மனத்தில் வைத்துப் போட்ட விதி அது. தேசியப் பூங்காக் கழகம்தான் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறது. குஞ்சு வாங்கும் முன் அவர்களுடைய விதிகளை ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள்.

அதனால் என் கோழிகள் இருப்பது அண்ணன் வீட்டில். அப்பர் தாம்சன் பக்கம், மூலை வீடு, பின்னால் கொஞ்சம் மண் தரை. அண்ணி மூன்று நிபந்தனை போட்டார்: நாற்றம் வரக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டக் கூடாது, சேவல் கூடவே கூடாது. மூன்றாவதை நான் லேசாக எடுத்துக்கொண்டேன். எடுத்திருக்கக் கூடாது. 2017 ஜனவரியில் சின் மிங் பகுதியில் சுற்றித் திரிந்த 24 கோழிகளை, சத்தம் என்று குடியிருப்பாளர்கள் புகார் சொன்னதால் பிடித்து அழித்தார்கள். அது நாடு முழுவதும் பேச்சானது. அந்தக் காலத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், விடிகாலைச் சேவல் கூவினால் கடிகாரம் மிச்சம் என்பார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய தரைவீட்டு வரிசையில் அதே கூவல் ஒரு புகார் மனு.

சேவலைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. பழுப்பு முட்டையிடும் கலப்பினக் கோழிகளில், பொரித்த அன்றே நிறத்தை வைத்து ஆண் பெண் சொல்லிவிடலாம். பெட்டைக் குஞ்சு பழுப்பாக இருக்கும், சேவல் குஞ்சு வெளிர்மஞ்சளாக இருக்கும். நாட்டுக்கோழிக் குஞ்சில் இந்த வசதி கிடையாது. கலந்து வாங்கினால் பாதிக்குப் பாதி சேவல் என்றுதான் கணக்கு வைக்க வேண்டும். முதல் தடவை நான் வாங்கியது அந்த ரகம்.

உரிமம் உள்ளவரிடம் மட்டும் வாங்குங்கள். மலேசியப் பக்கம் ஜோகூர் பாருவில் மலிவாகக் கிடைக்கிறதே, ஒரு சின்ன அட்டைப்பெட்டிதானே, காரில் வைத்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாகக் கொண்டுவந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உரிமம் இல்லாமல் உயிருள்ள பறவையைக் கொண்டுவருவது குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. அதைவிட, அந்தப் பெட்டிக்குள் என்ன நோய் வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

வாங்கும்போது குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண் திறந்து பளிச்சென்று இருக்க வேண்டும். தொப்புள் காய்ந்து மூடியிருக்க வேண்டும். ஆசனவாயில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. மல்லாக்கப் போட்டால் சட்டென்று புரண்டு எழ வேண்டும். அப்புறம் அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. சில்லென்று இருந்தால் வழியில் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். பெரிய பண்ணைகளிலும் இதைத்தான் செய்கிறார்கள். கருவி எதுவும் வேண்டாம்.

ஒற்றைக் குஞ்சு மட்டும் வாங்காதீர்கள். துணை இல்லாமல் நாள் முழுக்கக் கத்தும். குறைந்தது மூன்று நான்காவது வேண்டும்.

பெட்டி

ஆறு குஞ்சுக்குப் பெரிய துணிப்பெட்டி அல்லது டிவி வந்த அட்டைப்பெட்டி போதும். முதல் மூன்று வாரத்துக்கு ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்று கொஞ்சத்தில் சொல்கிறேன். நான்கு மூலைகளிலும் அட்டையை வளைத்து ஒட்டி வட்டமாக்குங்கள். பயந்தாலோ குளிர்ந்தாலோ குஞ்சுகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் செத்துப்போகும். மேலே வலை போடுங்கள். பத்து நாளில் அவை பறக்கக் கற்றுக்கொள்ளும், பூனையும் எட்டிப்பார்க்கும்.

தரைக்கு மரச்சீவல், இரண்டு அங்குலக் கனத்துக்கு. தமிழ்நாட்டில் உமி போடுவார்கள், அது இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை. செல்லப்பிராணிக் கடைகளில் முயலுக்கும் ஹாம்ஸ்டருக்கும் விற்கிற மரச்சீவலே போதும். நைசான மரத்தூள் வேண்டாம், தீனி என்று நினைத்துத் தின்றுவிடும். வெறும் செய்தித்தாளும் வேண்டாம். வழுக்குகிற தரையில் நடந்தால் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும். முதல் இரண்டு நாளில் அப்படி ஆனால் பிறகு நேராவது கடினம். மரச்சீவலின் மேல் சமையலறைப் பேப்பர் டவல் விரியுங்கள், கால் பிடித்து நிற்கும்.

சூட்டுக்கு இப்போதெல்லாம் கடையில் கிடைக்கிற எல்இடி பல்பு உதவாது. அது வெளிச்சம் தரும், சூடு தராது. செல்லப்பிராணிகளுக்கென்று விற்கிற செராமிக் வெப்ப விளக்கு வாங்குங்கள். வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும், ராத்திரி குஞ்சுகள் தூங்கும். 60 வாட்டுக்கு மேல் இங்கே தேவைப்பட்டதில்லை. கிளிப்பை மட்டும் நம்பாதீர்கள். சங்கிலி போட்டுத் தொங்கவிடுங்கள், அறுந்து மரச்சீவலில் விழுந்தால் வீடு பற்றிக்கொள்ளும். செராமிக் விளக்குக்குச் சூடு தாங்குகிற பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும்.

முக்கியமான விஷயம்: விளக்கைப் பெட்டியின் நடுவில் மாட்டாதீர்கள். ஒரு ஓரத்தில் மாட்டுங்கள். அப்போது ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் இதமாகவும் இருக்கும், எங்கே இருக்கலாம் என்று குஞ்சே முடிவு செய்துகொள்ளும். பெட்டி பெரிதாக இருக்கட்டும் என்று சொன்னது இதற்காகத்தான். என் முதல் பெட்டியில் விளக்கு நடுவில் இருந்தது. ஓடி ஒதுங்க இடமே இல்லை.

சூடு சரியா என்று குஞ்சிடம் கேளுங்கள்

புத்தகக் கணக்கு இது: முதல் சில நாள் குஞ்சு நிற்கிற மட்டத்தில் 33 முதல் 35 டிகிரி, வார முடிவில் 32, அதன்பின் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைவு. சிங்கப்பூரில் பகல் வெப்பமே 31, 32 டிகிரி. அப்படியானால் இரண்டாம் வாரம் பகலில் விளக்கே வேண்டியதில்லை. ராத்திரி 25க்கு இறங்கும்போதும், மழை கொட்டி ஊரே குளிர்ந்து கிடக்கும்போதும்தான் வேண்டும். நான்காவது வாரம் இறகு முளைத்துவிடும், விளக்கைக் கழற்றிவிடலாம். ஏர்கான் அறையில் மட்டும் வளர்க்காதீர்கள்.

தெர்மாமீட்டர் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அது ஒரு இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். பெட்டி முழுவதன் கதையையும் சொல்வது குஞ்சுகள்தான். விளக்கடியில் நெருக்கியடித்துக்கொண்டு கீச்கீச்சென்று ஓயாமல் உரக்கக் கத்தினால் குளிர்கிறது. சுவரோரம் ஒதுங்கி, இறக்கை தொங்கி, வாய் திறந்து, சத்தமே இல்லாமல் இருந்தால் வேகிறது. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் மறுபக்கத்திலிருந்து காற்று வருகிறது. மின்விசிறியா என்று பாருங்கள். சில தின்ன, சில தூங்க, சில அலைய, மொத்தப் பெட்டியும் தணிந்த குரலில் ‘சிக் சிக்’ என்று பேசிக்கொண்டிருந்தால் சரி. அந்தத் தணிந்த சத்தத்தைக் காதில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் பழகிவிடும். அப்புறம் அடுத்த அறையில் இருந்தே சொல்லிவிடுவீர்கள்.

அமைதியை நம்பாதீர்கள் என்பதுதான் நான் காசு கொடுத்துக் கற்ற பாடம். குளிர்கிற குஞ்சு கத்தி ஊரைக் கூட்டும். வெந்துகொண்டிருக்கிற குஞ்சு சும்மா இருக்கும்.

முதல் நாள்

பொரிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் குஞ்சு மஞ்சள்கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமல் தாங்கும். அதனால்தான் குஞ்சை நீண்ட தூரம் அனுப்ப முடிகிறது. தாங்கும் என்பதற்காகக் காக்க வைக்கக் கூடாது. வந்ததும் முதலில் தண்ணீர், பிறகு தீனி.

குஞ்சு வருவதற்குச் சில மணி நேரம் முன்பே விளக்கைப் போட்டுப் பெட்டியைச் சூடாக்கித் தயாராக வையுங்கள். தண்ணீரும் அறையின் வெதுவெதுப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு குஞ்சையும் எடுத்து மூக்கின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். நாசித்துளை மூழ்கக் கூடாது. ஒன்று தலையைத் தூக்கி விழுங்கிவிட்டால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். தண்ணீர்க் குடுவையின் தட்டில் சின்னக் கூழாங்கல்லோ கோலிக்குண்டோ போட்டுவையுங்கள். முதல் வாரக் குஞ்சு ஒரு அங்குலத் தண்ணீரிலும் முழுகிச் சாகும். தூரத்துப் பயணத்தில் களைத்து வந்திருந்தால் முதல் சில மணி நேரம் குளுக்கோஸோ வெல்லமோ கரைத்துக் கொடுக்கலாம். நாள் முழுக்கக் கொடுத்தால் கழிய ஆரம்பித்துவிடும்.

தீனியைப் பேப்பர் டவல் மேல் கொஞ்சம் தூவி, ஆள்காட்டி விரலால் ‘டொக் டொக்’ என்று தட்டுங்கள். தாய்க்கோழி மூக்கால் கொத்திக் காட்டுவது மாதிரி. ஓடி வரும். என் அண்ணன் மகள் இதை ஒரு மணி நேரம் செய்துகொண்டிருந்தாள். விரல் நகத்தையே கொத்தப் பழகிவிட்டன.

ராத்திரி படுக்கப்போகும் முன், குஞ்சின் கழுத்துக்குக் கீழே நெஞ்சில் இருக்கிற இரைப்பையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கூழ் அடைத்த சின்னப் பை மாதிரி மெத்தென்று இருந்தால் தீனியும் தண்ணீரும் இரண்டும் உள்ளே போயிருக்கின்றன. கெட்டியாக இருந்தால் தின்றிருக்கிறது, குடிக்கவில்லை. காலியாக இருந்தால் அந்தக் குஞ்சைத் தனியே எடுத்துத் தண்ணீர் காட்டுங்கள். ஒரு நாள் முடியும்போது எல்லாக் குஞ்சுக்கும் இரைப்பை நிறைந்திருக்க வேண்டும்.

தீனி

என் பாட்டி செம்பவாங் கம்பத்தில் நொய்யும் கம்பும் போட்டே கோழி வளர்த்தார். அவை நாள் முழுக்க மண்ணைக் கிளறிப் புழு பூச்சி தின்றன, அதனால் சரியாக இருந்தது. பெட்டிக்குள் இருக்கிற குஞ்சுக்கு வெறும் நொய் போட்டால் புரதம் போதாமல் இறகு முளைக்காது, கால் வளையும். குஞ்சுத் தீவனம் என்று விற்பதையே கொடுங்கள். முட்டைக் கோழிக் குஞ்சுக்கு 18 முதல் 20 சதவீதப் புரதம், கறிக்கோழிக் குஞ்சுக்கு 21 முதல் 23.

எளிதில் நடக்கிற தப்பு ஒன்று: வீட்டில் முட்டைக் கோழிக்கு வாங்கிய தீவனம் இருக்கிறதே என்று குஞ்சுக்கும் அதையே வைப்பது. முட்டைத் தீவனத்தில் ஓடு கெட்டியாவதற்காக 3.5 முதல் 4 சதவீதம் சுண்ணாம்புச்சத்து இருக்கும். குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். மிச்சம் அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். உடனே சாகாது. சில மாதம் கழித்து, ஏன் என்றே தெரியாமல் சுருண்டு விழும்.

இந்த ஊர்க் காற்றில் தீவனம் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், பூசண நஞ்சு குஞ்சின் ஈரலைத் தாக்கும். மலிவு என்று பெரிய மூட்டையாக வாங்காமல், ஒரு மாதத்துக்குள் தீர்கிற அளவு வாங்கி, மூடி இறுகிய வாளியில் போட்டுவையுங்கள். முகர்ந்து பார்த்தால் மக்கின வாடை வருகிறதா? வெளியே கொட்டுங்கள். யோசிக்க வேண்டாம்.

தண்ணீர், தின்கிற தீனியின் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும், வெயில் நாளில் இன்னும் அதிகம். தினம் இரண்டு தடவை கழுவி மாற்றுங்கள். குஞ்சுக்காக மட்டும் இல்லை. மாற்றாத தண்ணீரில் கொசுப்புழு வரும், தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் டெங்கிச் சோதனைக்கு வரும்போது பூந்தொட்டித் தட்டோடு கோழித் தண்ணீர்த் தட்டையும் பார்ப்பார்கள்.

எச்சமும் ஈரமும்

குஞ்சு வளர்ப்பவர் தினமும் எச்சத்தைப் பார்க்கப் பழக வேண்டும். வெள்ளைத் தொப்பி போட்ட மாதிரி கெட்டியாக இருப்பது சாதாரண எச்சம். இடையிடையே ஒன்று பழுப்பாக, பிசுபிசுவென்று, நாற்றமாக வரும். புதியவர்கள் அதைப் பார்த்துப் பேதி என்று பயந்து எனக்குப் படம் அனுப்புவார்கள். அது சீக்கம் என்கிற குருட்டுக்குடலிலிருந்து வருகிற எச்சம், தினம் சில தடவை அப்படித்தான் வரும். முதல் வாரத்தில் ஆசனவாயில் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, ஊறவைத்து, மெல்லத் துடைத்தெடுங்கள். பிய்க்காதீர்கள், தோலோடு வந்துவிடும். நன்றாகத் துவட்டிவிட்டு விளக்கடியில் விடுங்கள்.

பயப்பட வேண்டியது ரத்தம் கலந்த எச்சத்துக்கு. இரத்தக்கழிச்சல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் வரும். அதைக் கொண்டுவருவது கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி, அதற்குச் சூடும் ஈரமும் சேர்ந்தால் கொண்டாட்டம். சிங்கப்பூரில் இரண்டுக்கும் என்ன குறைச்சல்?

எனக்கு இரண்டாவது தடவை வந்தது. விடியும் முன் சுமத்ராப் பக்கத்திலிருந்து திடீரென்று அடித்து வீசுகிற புயல்மழை தெரியுமல்லவா, அப்படி ஒன்று. குஞ்சுகளுக்கு அப்போது இருபத்திரண்டு நாள். சாரல் ஜன்னல் வழியாக வந்து பெட்டியின் ஒரு பக்கத்தை நனைத்திருந்தது. காலையில் வேலைக்குப் போகிற அவசரம். மேலே கொஞ்சம் புது மரச்சீவலைத் தூவிவிட்டுப் போய்விட்டேன். ஐந்தாம் நாள் ஒரு குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி நின்றது. எச்சத்தில் தக்காளிச் சாறு மாதிரி. மருத்துவர் தண்ணீரில் கலக்கும் ஆம்ப்ரோலியம் மருந்து கொடுத்தார், பிழைத்தன. நனைந்த கூளத்தை அன்றே அள்ளிக் கொட்டியிருந்தால் பத்து நிமிட வேலை.

கூளம் சரியா என்று பார்க்க ஒரு கை அள்ளிப் பிசையுங்கள். பிடித்துவிட்டால் உதிர்ந்து கொட்ட வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம், மாற்றுங்கள். குஞ்சு மட்டத்துக்குக் குனிந்து முகருங்கள், கண் எரிந்தால் அது ஏற்கனவே தாமதம். நாம் நின்று முகர்வது வேறு, தரையோடு இருக்கிற அது முகர்வது வேறு.

பறவை பார்க்கிற கால்நடை மருத்துவர் இங்கே எல்லாக் கிளினிக்கிலும் இருக்க மாட்டார். குஞ்சு வாங்குவதற்கு முன்பே ஒருவரைத் தேடி எண்ணைக் குறித்துவையுங்கள். தடுப்பூசி பற்றியும் அவரிடமே கேளுங்கள். மாரெக் என்கிற வைரஸ் நோய்க்கான ஊசியைப் பொரிப்பகத்திலேயே முதல் நாள் போட்டுவிடுவார்கள், போட்டார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். திடீரென்று அடுத்தடுத்துச் செத்து விழுந்தாலோ, தலை வீங்கி நீலம் பாய்ந்தாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டாலோ நீங்களே வைத்தியம் பார்க்காமல் தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். பிள்ளைகள் குஞ்சைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தம் கொடுப்பது கண்டிப்பாகக் கூடாது, சால்மோனெல்லா வரும்.

வெளிக் கூண்டு

ஐந்து ஆறு வாரத்தில் உடம்பு முழுக்க இறகு வந்ததும் வெளியே மாற்றலாம். கோழிவலை என்று விற்கிற அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும், எதையும் வெளியே வைக்காது. எலி கடித்துவிடும், குட்டி மலைப்பாம்பு ஓட்டை வழியே நுழைந்துவிடும். நுழைந்து, விழுங்கி, வயிறு பெருத்துத் திரும்ப முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு கம்பிவலைதான் வேண்டும், மேலும் கீழும் சேர்த்து. உடும்பு மண்ணைத் தோண்டும், மூசாங் என்கிற மரநாய் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்க்கும். கொக்கி போதாது, பூட்டுப் போடுங்கள். கூரையை இரண்டடி நீட்டிவிடுங்கள், சாரல் உள்ளே வராது.

வளர்ந்த முட்டைக் கோழிக்குத் தலைக்கு இரண்டு சதுர அடியாவது வேண்டும். உட்கார்ந்து தூங்க உருட்டுக் கட்டை, முட்டையிட இருட்டான பெட்டி, வேறு அலங்காரம் வேண்டாம்.

முட்டைக்கு

கலப்பினப் பெட்டை 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். அதுவரை ஒவ்வொன்றும் ஆறு கிலோவுக்கு மேல் தீவனம் தின்றிருக்கும். முதல் முட்டை வரும் சமயத்தில்தான் முட்டைத் தீவனத்துக்கு மாற வேண்டும். அதன்பின் நாளுக்கு 110 கிராம் அளவில் தின்னும், நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கு 300 முட்டையைத் தொடும்.

வெளிச்சமும் ஒரு தீனி மாதிரிதான். நன்றாக முட்டையிட நாளுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு ஆண்டு முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரம்தான். விடிவதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் டைமர் வைத்து ஒரு சின்ன எல்இடி போடுங்கள், இதற்கு அது போதும். அவசரப்பட்டுப் பதினாறு வாரத்துக்கு முன் போடாதீர்கள். உடம்பு வளரும் முன்பே முட்டையிட ஆரம்பித்து, கருப்பை வெளித்தள்ளிவிடும். நாலைந்து முட்டை மட்டும் போதும் என்பவர்கள் விளக்கே போட வேண்டாம். நான் போடுவதில்லை.

காசு மிச்சமாகும் என்று நினைத்து இறங்காதீர்கள். சிங்கப்பூரில் சாப்பிடும் முட்டையில் 2023இல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உள்ளூர்ப் பண்ணைகளில் உற்பத்தியானது. அந்தப் பண்ணைகளின் விலையோடு ஆறு கோழி வைத்திருப்பவர் போட்டி போட முடியாது. என் முட்டை ஒவ்வொன்றின் அடக்க விலையை அண்ணி ஒருநாள் கணக்குப் போட்டுச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

கறிக்கு

2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, நம்முடைய கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்ததால், இனி வீட்டிலேயே கறிக்கோழி வளர்க்கலாமா என்று பலர் கேட்டார்கள். சாப்பிடுவதற்காகக் கோழி அறுப்பது இங்கே உரிமம் பெற்ற அறுப்புக்கூடத்தில்தான் நடக்க வேண்டும். பின்கட்டில் அறுக்க முடியாது. ஆகவே இந்தப் பகுதி, இங்கே வேலை பார்த்துக்கொண்டு தமிழ்நாட்டில் சொந்த ஊரில் கொட்டகை போடுகிற தம்பிகளுக்கு.

பிராய்லர் குஞ்சு முதல் நாள் 40 கிராம் இருக்கும். ஏழாம் நாள் நிறுத்தால் நான்கு மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வாரத்தில் சூட்டிலோ தண்ணீரிலோ தப்பு நடந்திருக்கிறது, அதைப் பிறகு தீனி போட்டு ஈடுகட்ட முடியாது. 35 முதல் 42 நாளில் இரண்டு கிலோ வரும். ஒரு கிலோ உயிர் எடைக்கு 1.6 முதல் 1.8 கிலோ தீவனம் ஆகும், தலைக்கு ஒரு சதுர அடி இடம் வேண்டும். நாட்டுக்கோழி அந்த எடைக்குப் பக்கத்தில் வரவே நான்கு மாதம் ஆகும், விலையும் அதற்கேற்ற மாதிரி. பல்லடம் பக்கம் கம்பெனிக்காரர்கள் குஞ்சு, தீவனம், மருந்து கொடுத்துக் கிலோவுக்கு வளர்ப்புக் கூலி தருவார்கள். முதல் தடவைக்கு அது நல்ல பள்ளிக்கூடம், ஒப்பந்தத் தாளை மட்டும் முழுக்கப் படியுங்கள்.

ஊரில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை விட்டுவிடாதீர்கள். ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் கண்ணில் சொட்டு, பதினான்காம் நாள் வாக்கில் கம்போரோ நோய்க்கான மருந்து, நான்காம் வாரத்துக்குள் வெள்ளைக்கழிச்சலுக்கு மறுபடி லசோட்டா என்கிற மருந்து. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுபோக வேண்டும். குளோரின் கலந்த தண்ணீரில் கலந்தால் மருந்து வீணாகிவிடும். மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுக்கிற பாட்டி வைத்தியம் இதற்கு மாற்று ஆகாது. ஒரு கூட்டம் விற்றுத் தீர்ந்ததும் கூளம் முழுவதையும் அள்ளி, கழுவி, சுண்ணாம்படித்து, இரண்டு வாரம் கொட்டகையைக் காயப் போடுங்கள். பழைய கோழி நாலு நிற்கும்போதே புதுக் குஞ்சை உள்ளே விடாதீர்கள்.

என்னோடு வேலை பார்க்கிற புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் போன வருஷம் வீட்டில் இருநூறு குஞ்சு இறக்கினார். பார்த்துக்கொள்வது மனைவி. முதல் ராத்திரி அங்கே ஒன்பது மணி, இங்கே பதினொன்றரை. வீடியோ கால் போட்டு, “அண்ணே, நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்று போனை என்னிடம் நீட்டினார். திரை முழுக்க மஞ்சள் வெளிச்சம், ஒன்றும் தெரியவில்லை. “அம்மா, டிவியை அணைச்சுட்டு, போனைக் கொட்டகைக்குள்ள நீட்டிப் பிடிம்மா, பேசாத” என்றேன். தடதடவென்று ஒரே கீச்சுச் சத்தம். தார்ப்பாயை இறக்கிவிட்டு விளக்கை ஒரு சாண் தாழ்த்தச் சொன்னேன். இருபது நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை அந்தப் பக்கம் தணிந்துபோய், ஒரு கூட்டம் தனக்குள் முணுமுணுப்பது மாதிரி கேட்டது. “சரி, இனி போய்ப் படும்மா. மூணு மணிக்கு எழுந்து ஒரு தடவை பாரு” என்றேன்.